வெப்பமானியிலிருந்து விடைபெறும் பாதரசம்

நான் கல்லூரியில் படித்த நாளில் எங்கள் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஃபோர்ட்டின் காற்றழுத்தமானி ஒன்று இருந்தது. அதிலிருந்து சிந்திய பாதரசத்தை உள்ளங்கையில் உருட்டி விளையாடுவது எங்களுக்குப் பெரிய வேடிக்கை. ஒரு நாள் என் தோழன் மோதிரத்தைக் கழற்ற மறந்துவிட்டான். தங்க மோதிரம் சற்று நேரத்தில் வெள்ளி போல வெளுத்துவிட்டது! தங்கமும் பாதரசமும் சேர்ந்து இரசக்கலவை ஆனதே காரணம் என்று ஆசிரியர் மறுநாள் விளக்கினார். அந்தப் பாதரசத்தின் ஆவி எங்கள் மூச்சோடு உள்ளே போயிருக்கும் என்பதை அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இதே பாதரசம்தான் நூறாண்டுகளுக்கும் மேலாக மருத்துவமனைகளில் இரண்டு கருவிகளுக்குள் குடியிருந்தது. ஒன்று காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி. மற்றொன்று இரத்த அழுத்தமானி. இன்று மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ அடையாற்றிலோ உள்ள மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் காய்ச்சலோடு போனால், பெரும்பாலும் 'பீப்' என்று ஒலிக்கும் மின்னணு வெப்பமானியைத்தான் வைப்பார்கள். இந்த மாற்றம் ஏன் வந்தது?

முதலில் பாதரசத்தின் பக்கம் உள்ள நியாயத்தைக் கேட்போம். அது வெப்பத்தால் சீராக விரிவடைகிறது, கண்ணாடியில் ஒட்டுவதில்லை, பளபளப்பாகக் கண்ணுக்குத் தெரிகிறது. 1714-ல் ஃபாரன்ஹீட் அதைத் தேர்ந்தெடுத்தது வீணல்ல. இரத்த அழுத்தமானியிலோ அதன் அடர்த்தியே பெரிய வசதி. ஒருவருக்கு அழுத்தம் 120 மில்லிமீட்டர் என்றால், அந்த அழுத்தம் பாதரசத்தை 120 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தாங்கி நிறுத்தும் என்று பொருள். பாதரசம் நீரைப் போல் 13.6 மடங்கு அடர்த்தியானது. எனவே அதே அழுத்தம் நீரை 120 × 13.6 = 1632 மில்லிமீட்டர், அதாவது ஓர் ஆள் உயரத்துக்குத் தூக்கிவிடும்! அளவுகோலில் 300 வரை குறிக்க வேண்டுமானால் நான்கு மீட்டருக்கு மேல் உயரமான குழாய் வேண்டும். டாக்டர் ஏணி மேல் நின்றுதான் அளவு பார்க்க வேண்டியிருக்கும்.

இவ்வளவு நல்ல பொருளுக்கு என்ன குறை? குழாய்க்குள் இருக்கும் வரை ஒரு குறையும் இல்லை. ஆனால் வெப்பமானி உதறப்படும் கருவி. உதறும்போது கை தவறும். மருத்துவமனையில் உடையும் பொருள்களில் அதற்கு முக்கிய இடம் உண்டு.

ஒரு வெப்பமானியில் ஏறத்தாழ அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை பாதரசம் இருக்கும். அரை கிராம் என்றே வைத்துக்கொள்வோம். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள அறையில் அது உடைகிறது. அறையின் கனஅளவு 60 கனமீட்டர். 20 டிகிரி செல்சியஸில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 14 மில்லிகிராம் பாதரச ஆவியைத் தாங்கும். நம் சென்னையில் சர்வசாதாரணமான 30 டிகிரியிலோ சுமார் 30 மில்லிகிராம்! வெயில் ஏற ஏற ஆவியும் வேகமாக ஏறுகிறது. நம் 60 கனமீட்டர் அறை 1800 மில்லிகிராமைத் தாங்கும். சிந்தியதோ 500 மில்லிகிராம்தான். ஆகவே கதவையும் சன்னலையும் அடைத்து வைத்தால், நாளடைவில் அத்தனையும் ஆவியாகிக் காற்றில் கலப்பதற்குத் தடையே இல்லை. அப்படிக் கலந்தால் கனமீட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். நெடுங்காலம் சுவாசிக்கும் காற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். நடைமுறையில் காற்றோட்டம் இருப்பதால் நிலைமை இவ்வளவு மோசமாவதில்லை. ஆனால் ஒரே வார்டில் மாதந்தோறும் இரண்டு மூன்று உடைந்து, தரையின் விரிசல்களில் தங்கிவிட்டால்? அங்கே நாள் முழுவதும் நிற்பவர்கள் செவிலியர்களும் துப்புரவுப் பணியாளர்களும்தான். பாதரச ஆவி மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும்.

துடைப்பத்தால் பெருக்கினால் இன்னும் கெடுதல். ஒரு துளி ஆயிரம் சம துளிகளாகச் சிதறினால் ஒவ்வொன்றின் ஆரமும் பத்தில் ஒரு பங்காகும். பரப்பு நூறில் ஒரு பங்காகும். துளிகள் ஆயிரம் அல்லவா? மொத்தப் பரப்பு பத்து மடங்காகிவிடும். ஆவியாதல் பரப்பைப் பொறுத்தது என்று நீங்கள் வகுப்பில் படித்திருக்கிறீர்கள்.

சரி, கவனமாகச் சேர்த்துக் குப்பையில் போட்டால்? இங்கேதான் சிக்கலின் முடிச்சு இருக்கிறது. மருத்துவமனைக் கழிவில் எரிக்க வேண்டியவற்றை மஞ்சள் பையில் போடுவார்கள். அவை போகும் எரிஉலையில் வெப்பநிலை 800 டிகிரிக்கும் மேல். கிருமிகள் சாகும், பஞ்சும் துணியும் சாம்பலாகும். பாதரசமோ 357 டிகிரியிலேயே கொதித்து, புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போய்விடும். அது ஒரு தனிமம். எரித்து அழிக்க முடியாது. மழையோடு இறங்கி நீர்நிலையைச் சேரும். சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றும். அதைச் சிறு மீன் உண்ணும். சிறு மீன்களைப் பெரிய மீன் உண்ணும். ஒவ்வொரு படியிலும் செறிவு ஏறும். மீனின் தசையில் சேர்ந்த பிறகு அலசினாலும் குழம்பில் கொதித்தாலும் அது போகாது. ஜப்பானில் மினமாட்டா என்ற கடற்கரை ஊரில் 1956-ல் கண்டறியப்பட்ட கொடிய நரம்பு நோய்க்கு, தொழிற்சாலைக் கழிவிலிருந்து மீன் வழியாக வந்த மெத்தில் பாதரசமே காரணம்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் கொடைக்கானலிலேயே ஒரு வெப்பமானித் தொழிற்சாலை இருந்தது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்திலிருந்து 1980-களின் தொடக்கத்தில் இங்கே பெயர்த்துக் கொண்டுவரப்பட்டது. பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. பாதரசம் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் ஊருக்குள் பழைய பொருள் கடைக்கு விற்கப்பட்டது 2001-ல் வெளியே தெரிந்தது. தொழிலாளரும் ஊர் மக்களும் சுற்றுச்சூழல் அமைப்பினரும் போராட, அந்த ஆண்டே ஆலை மூடப்பட்டது. 2003-ல் பாதரசம் கலந்த சுமார் 290 டன் கழிவு, மறுசுழற்சிக்காக அமெரிக்காவுக்கே கப்பலேறியது. பாசிகளிலும் லைக்கன்களிலும் ஏரி மீன்களிலும் பாதரசம் சேர்ந்திருந்ததை அணுசக்தித் துறை விஞ்ஞானிகள் அளந்து காட்டினர். முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் நிறுவனம் உடன்பாடு கண்டது 2016-ல். காய்ச்சலை அளக்கப் பிறந்த கருவி, பிறந்த இடத்திலேயே ஒரு மலையை நோயாளி ஆக்கிவிட்டது.

அழிக்க முடியாத பொருளைக் கழிவாக வந்த பிறகு சமாளிப்பதைவிட, வாங்காமல் இருப்பதே வழி. அரசு மருத்துவமனைகளுக்கு இதில் ஒரு பெரிய வலிமை உண்டு. தமிழ்நாட்டில் 1994 முதல் மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கு மொத்தமாகக் கொள்முதல் செய்கிறது. அத்தகைய கொள்முதல் பட்டியலில் ஒரு வரி மாறினால் ஆயிரக்கணக்கான வார்டுகளில் கருவி மாறும். மத்திய அரசு தன் மருத்துவமனைகளைப் பாதரசக் கருவிகளைப் படிப்படியாக விடும்படி 2010-ல் பணித்தது. மினமாட்டா பெயரிலேயே 2013-ல் உலக உடன்படிக்கை ஏற்பட்டது. இந்தியா 2018-ல் அதை ஏற்றபோது, பாதரசப் பொருள்களுக்கு 2025 வரை அவகாசம் கேட்டுப் பெற்றது.

மின்னணு வெப்பமானியின் நுனியில் தெர்மிஸ்டர் என்ற சிறு குறைகடத்தி இருக்கிறது. சூடு ஏறினால் அதன் மின்தடை குறையும். அதை அளந்து வெப்பநிலையாகக் காட்டும். புது அழுத்தமானியில் திரவம் இல்லை. மெல்லிய உலோகப் பெட்டி விரிந்து முள்ளை நகர்த்துகிறது, அல்லது மின்னணு உணரி வேலை செய்கிறது. பாதரசம் போய்விட்டாலும் "120 மில்லிமீட்டர்" என்ற பேச்சு மட்டும் போகவில்லை, பாருங்கள்!

மூத்த மருத்துவர்கள் சிலர் புதுக் கருவிகளை நம்புவதில்லை. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பாதரச மட்டம் பொய் சொல்லாது. உலோகப் பெட்டியோ உழைத்து உழைத்துத் தளரும். ஆகவே முறையாக அளவுத்திருத்தம் செய்தாக வேண்டும். என் கருத்தில், புதுக் கருவி வாங்கச் செலவிடும் எந்த மருத்துவமனையும் இதற்கும் பணம் ஒதுக்காவிட்டால் பாதி வேலைதான் செய்கிறது. மின்னணுக் கருவியின் பொத்தான் மின்கலமும் கண்ட இடத்தில் எறியத் தக்கதல்ல.

உங்கள் வீட்டு அலமாரியில் பழைய கண்ணாடி வெப்பமானி இருக்கலாம். உடையாதவரை உறையிலேயே இருக்கட்டும். உடைந்துவிட்டால் நீங்கள் தொடாமல் பெரியவர்களை அழையுங்கள். அவர்கள் சன்னலைத் திறந்து, மின்விசிறியை நிறுத்தி, மோதிரம் வளையலைக் கழற்றிவிட்டு, இரண்டு தடித்த அட்டைகளால் துளிகளை ஒன்றுசேர்க்கட்டும். சிறிது நீருள்ள பாட்டிலில் இட்டு இறுக மூட வேண்டும். கழுவுதொட்டியில் கொட்டக் கூடாது. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் உடைந்த பாதரச வெப்பமானியை வீட்டு அபாயக் கழிவில் சேர்த்தன. எனவே பாட்டிலின் மேல் "பாதரசம்" என்று எழுதி ஒட்டி, மற்றக் குப்பையோடு கலக்காமல், தூய்மைப் பணியாளரிடம் சொல்லித் தனியே கொடுங்கள்.