வளர்ந்த நாயிடம் குட்டியைப் பழக்குதல்

வீட்டில் ஏற்கெனவே ஒரு நாய் இருக்கையில், புதிதாகக் கிடைத்த குட்டியைக் கொண்டுவந்து அதன் முன்னே இறக்கிவிடுதல் நம்மில் பலருடைய வழக்கமாகும். "குட்டிதானே, பெரிய நாய் ஒன்றும் செய்யாது" என்பது இதற்குக் கூறப்படும் சமாதானம். இந்த நம்பிக்கை முழுப் பொய்யன்று. ஆயினும் இதையே நம்பி இருந்துவிடலாகாது. எட்டு வாரக் குட்டியின் மண்டையோடு மிக மெல்லியது. பெரிய நாய் கொல்லும் எண்ணமின்றி, விலகிப் போ என்று கடிந்துகொள்ளும் ஒரே கடியில் அதன் உயிர் போய்விடக்கூடும்.

நம் நாட்டுத் தெருநாய்களைக் கொல்கத்தா இந்திய விஞ்ஞானக் கல்வி ஆராய்ச்சி நிலையத்தார் பல ஆண்டுகள் கவனித்து வந்துள்ளனர். 95 ஈற்றுகளில் பிறந்த 364 குட்டிகளுள் ஏறத்தாழ நூற்றுக்கு 19 மட்டுமே பருவமடையும் வரை உயிரோடிருந்தன என்றும், இறப்புகளுள் பெரும்பான்மைக்கு மனிதரே காரணம் என்றும் 2016-இல் அவர்கள் வெளியிட்டனர். 2018-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு நம் பொருளுக்கு இன்னும் நெருங்கியது. தாயேயன்றி, தந்தையென்று கருதத்தக்க ஆண் நாய்களும், கூட்டத்திலுள்ள வேறு பெண் நாய்களும் குட்டிகளைப் பேணுவதை அதில் கண்டனர். ஆண் நாய்கள் குட்டிகளோடு விளையாடுவதிலும் அவற்றைக் காப்பதிலும் முன்னின்றன. ஆனால் இவை யாவும் ஒரே கூட்டத்திற்குள் நிகழ்பவை என்பதை மறத்தலாகாது. நாம் கூடையில் கொண்டுவரும் குட்டியோ வேற்று மணமுடையது. வீட்டு நாய்க்கு அது உறவன்று.

பெங்களூரு நகரில் 2023-இல் எடுக்கப்பட்ட கணக்கின்படி சுமார் 2,79,000 தெருநாய்கள் இருந்தன. ஆதலின் அந்நகரத்து வீடுகளுக்கு வரும் குட்டிகளுள் தெருவில் கண்டெடுத்தவையும் உண்டு. அத்தகைய குட்டியை முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டி, இரண்டு வாரமேனும் தனியறையில் வைத்தல் நலம். 1978-இல் உலகெங்கும் பரவிய பார்வோ என்னும் வைரஸ் நோய், குட்டிகளை இரத்தக் கழிச்சலால் மாய்ப்பது. அந்த வைரஸ் மண்ணில் பல மாதங்கள் அழியாமல் கிடக்கும். தடுப்பூசி பெற்ற பெரிய நாய்க்கு நோய் வாராவிடினும், அதன் பாதங்களில் ஒட்டிக்கொண்டு வைரஸ் வீட்டினுள் நுழையலாம்.

இங்கே ஒரு முரண்பாடு எழுகிறது. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் தடுப்பூசி வரிசை பதினாறு வாரமளவில்தான் நிறைவுறும். ஆனால், மூன்றாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரம் வரையே பிற உயிர்களோடு பழகக் கற்கும் காலம் என்று அமெரிக்க விஞ்ஞானிகளான ஸ்காட்டும் புல்லரும் 1965-இல் வெளியிட்ட நூலில் விளக்கியுள்ளனர். தடுப்பூசி முடியட்டும் என்று காத்திருந்தால் பழகும் காலம் கடந்துவிடும். பூங்காவுக்கு அழைத்துச் சென்றால் நோய்க்கு இடமாகும். இரண்டுக்கும் இடைவழியாக, பிற நாய்கள் நடமாடாத இடத்தில், தடுப்பூசி போட்ட ஒரே ஒரு நாயோடு பழக்குவதே தக்கது.

அந்த இடம் பெரிய நாய் தனக்குரியதென்று காவல்செய்யும் வாசலாகவோ, அது உண்ணும், உறங்கும் மூலையாகவோ இருத்தல் கூடாது. முப்பதுக்கு நாற்பது அடி மனையில் வேறிடம் ஏது என்று கேட்கலாம். அந்த நாய் அடிக்கடி செல்லாத மொட்டை மாடியோ, நாய் வளர்க்காத அயலாரின் முற்றமோ போதும். மாடியாயின் கைப்பிடிச் சுவரில் இடைவெளி இல்லாதிருத்தலையும், தளம் சுடாத வேளையையும் பார்த்துக்கொள்க. தீபாவளி வெடிச் சத்தத்தால் நாய் மிரண்டிருக்கும் நாட்களை விட்டுவிடுதல் அறிவுடைமை.

முதல் நாள் குட்டி படுத்திருந்த துணியை மட்டும் பெரிய நாய் முகர்ந்து பார்க்கட்டும். பின்பு அதைச் சற்று உலவவிட்டு, களைப்பாறிய பிறகு, ஒருவர் அதன் வாரைத் தளர்வாகப் பிடித்திருக்க, மற்றொருவர் குட்டியோடு பத்தடி தூரத்தில் இருக்கவேண்டும். வாரை இறுக்கிப் பிடித்தால் நாய்க்குப் பதற்றம் மிகும். பெரிய நாய் உடல் தளர்ந்து, வாலைத் தாழ்வாக வீசி, முன்கால்களைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்துமாயின் அது விளையாட்டுக்கு அழைப்பு. கொட்டாவி விடுதல், உதட்டை நக்குதல், முகத்தைத் திருப்புதல், கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தல் ஆகியவை மனக்கலக்கத்தின் குறிகள். உடல் விறைத்து அசைவற்று நிற்குமாயின் உடனே பிரித்துவிடவேண்டும்; கடி பெரும்பாலும் இதற்கு அடுத்ததே. ஐந்து நிமிடம் போதும், பிறகு மறுநாள்.

உறுமலைக் குறித்து ஒரு சொல். அதைக் கேட்டவுடன் நாம் கோபம் என்றே பொருள் கொள்ளுகிறோம். எச்சரிக்கை என்று கொள்வதே பொருத்தம். உறுமியதற்காக அடிவாங்கிய நாய், அடுத்த முறை உறுமாமலே கடிக்கப் பழகும். குட்டி அதன் காதைக் கடித்து இழுக்கையில் அது உறுமி விலகுமாயின், குட்டியை அப்புறப்படுத்துவது நம் பொறுப்பு. பெரிய நாய்க்குக் குட்டி ஏற இயலாத உயரமான திண்ணையொன்று இருப்பின் பல சச்சரவுகள் எழாமலே போகும்.

உணவுத் தட்டுகள் வெவ்வேறு அறைகளில் இருக்கட்டும். எலும்புகளும் பந்துகளும் சில வாரம் கண்ணில் படவேண்டா. ஆளில்லாத வேளையிலும் இரவிலும் இரண்டையும் கதவால் பிரித்து வைத்தல் வேண்டும். பெரிய நாய்க்கும் குட்டிக்கும் உருவ வேற்றுமை மிகுதியாயின், குட்டி வளரும் வரை இதைத் தளர்த்தலாகாது. குட்டி ஈன்றிருக்கும் நாயிடமோ, மூட்டுவலியால் அவதியுறும் கிழ நாயிடமோ இம்முயற்சியே தகாது. முன்பு பூனை, கோழி முதலியவற்றைக் கொன்ற நாயாயின் மருத்துவரின் ஆலோசனையின்றித் தொடங்கலாகாது.

நாய்கள் பிணங்கினால் இடையே கையை நுழைக்காமல், பலகையையோ தடித்த போர்வையையோ குறுக்கே இடுக. எவருக்கேனும் பல் பட்டுவிட்டால், குட்டியின் கீறலேயாயினும், காயத்தைச் சவுக்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று வெறிநோய்த் தடுப்பூசியைப் பற்றி அறிதல் வேண்டும். தெருவிலிருந்து வந்த சிறு குட்டிக்கும் வெறிநோய் இருக்கக்கூடும் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் தனியே எடுத்துரைத்தல் நன்று.