சிவப்புக் கோட்டைக் கண்டு பயப்படாதீர்கள்

சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் புனேக்கு வந்து ஹிஞ்சவடியில் வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகள் அடிக்கடி என்னிடம் காட்டும் திரை ஒன்று உண்டு. ஆப் ஓடுகிறது, பிரவுசரில் பக்கம் வருகிறது; எடிட்டரில் மட்டும் இம்போர்ட் வரிகளெல்லாம் சிவப்பு. அவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன்.

1. விதியை அணைக்காதீர்கள். கத்துவது 'நோ-அன்ரிசால்வ்டு' விதி. அது ஈஎஸ்லின்ட் என்ற லின்ட்டரோடு பிறந்ததல்ல, 'இம்போர்ட்' பிளகின் கொண்டுவருவது. ஃபைல் பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் நிரலை ஓட்டுவதற்கு முன்பே பிடித்துக் கொடுப்பதும் அதுதான்.

2. அது ஏன் கத்துகிறதென்று புரிந்துகொள்ளுங்கள். '../../../' என்று ஏறுவதற்குப் பதிலாக '@/' என்ற சுருக்கத்தை வைத்தோம். ஆனால் அதை வெப்பேக், வீட் (Vite) போன்ற பண்ட்லரிடம் மட்டும்தான் சொன்னோம். பிளகின் நோட் முறைப்படி தேடிவிட்டுக் கையை விரிக்கிறது. ஹிஞ்சவடி ஆட்டோக்காரரிடம் 'ஃபேஸ் டூ' என்றால் போதும். வெளியூர்க்காரருக்கு விலாசம் சொல்லித்தானே ஆகவேண்டும்?

3. விலாசத்தை ஒரே இடத்தில் எழுதுங்கள். டைப்ஸ்கிரிப்ட் என்றால் டிஎஸ்கான்ஃபிக், இல்லையென்றால் ஜேஎஸ்கான்ஃபிக்; அதில் 'பாத்ஸ்' பகுதி. விஎஸ் கோட் அதைத் தானே படித்துக்கொள்ளும். லின்ட்டருக்கு டைப்ஸ்கிரிப்ட் ரிசால்வரை நிறுவி, ஈஎஸ்லின்ட் கான்ஃபிக்கின் செட்டிங்ஸில் 'இம்போர்ட்/ரிசால்வர்' என்ற இடத்தில் அதே ஃபைலைக் காட்டுங்கள். எல்லாமே வெப்பேக் கான்ஃபிக்கில் இருக்கும் பழைய ப்ராஜெக்ட்டா? அதற்கென்றே வெப்பேக் ரிசால்வர் இருக்கிறது.

4. ஈஎஸ்லின்ட் எந்தப் பதிப்பு என்று முதலில் பாருங்கள். 2024 ஏப்ரலில் வந்த 9ஆம் பதிப்பில் ஃப்ளாட் கான்ஃபிக்தான் வழக்கமான முறை. பழைய 'ஈஎஸ்லின்ட்ஆர்சி' ஃபைலை அது தானாகத் திறந்து பார்க்காது. அதில் எத்தனை வரி சேர்த்தாலும் பலன் இருக்காது. சந்தேகம் வந்தால் 'பிரின்ட்-கான்ஃபிக்' ஆப்ஷனோடு, சிவப்பு காட்டும் ஃபைலின் பெயரையும் கொடுத்து ஓட்டுங்கள். அந்த ஃபைலுக்கு எந்த அமைப்பு நடப்பில் இருக்கிறதென்று முழுசாகக் கொட்டிவிடும்.

5. சுருக்கப் பெயரில் கவனம் வேண்டும். '@' குறியை ஒட்டியே ஒரு சொல்லை எழுதினால் என்பிஎம் பேக்கேஜ் பெயர் போலவே இருக்கும். பேபல் பேக்கேஜ்கள் அப்படித்தான் தொடங்குகின்றன. '@' போட்டவுடன் சாய்கோடு போட்டுவிட்டால் குழப்பமில்லை.

6. சிவப்பு போனதும் எழுந்துவிடாதீர்கள். இல்லாத ஃபைல் ஒன்றை வேண்டுமென்றே இம்போர்ட் செய்யுங்கள். அந்த வரி மட்டும் சிவக்க வேண்டும். சிவக்கவில்லையென்றால் லின்ட்டர் சரியாகவில்லை, வாயை மூடிக்கொண்டிருக்கிறது. எதை மாற்றினாலும் மாறாத சிவப்பு என்றால், விஎஸ் கோடில் ஈஎஸ்லின்ட் சர்வரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்.

7. மற்ற கருவிகளையும் விசாரியுங்கள். டெஸ்ட் ஓட்டும் ஜெஸ்ட்டுக்கு 'மாட்யூல்நேம்மேப்பர்' தனியாக வேண்டும். டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரோ 'பாத்ஸ்' படித்தாலும், வெளியே தரும் ஜாவாஸ்கிரிப்ட்டில் '@/' அப்படியே நிற்கும். அதை மாற்றுவது பண்ட்லரின் வேலை. ஃபோல்டர் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினால் மேக்கும் விண்டோஸும் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. லினக்ஸில் ஓடும் பில்ட் விழுந்துவிடும். ஆகவே கமிட்டுக்கு முன் டெர்மினலில் லின்ட், டெஸ்ட், பில்ட் மூன்றையும் ஓட்டுங்கள். மூன்றும் தேறினால் ரிவ்யூவுக்கு அனுப்புங்கள்.