ஏதிலியர் மறுவாழ்வும் இருமொழித் துணையாளரும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. வேதியியல் மாணவன்)

முன்னுரை

போர், கலவரம், அடக்குமுறை ஆகியவற்றிலிருந்து உயிர் தப்பி, சொந்த நாட்டை விட்டு ஓடி வருபவரை ஏதிலி என்கிறோம். அகதி என்பது மக்கள் வழக்கு. கரை சேர்ந்த ஏதிலிக்கு முதலில் வேண்டியவை உணவும் உறைவிடமும் என்பதை அனைவரும் அறிவர். ஆனால் அவ்விரண்டையும் பெறுவதற்கே ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பல கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். எழுதியதன் பொருள் அறிந்து கையொப்பம் இட வேண்டும். கேட்பவர் மொழி ஒன்று, சொல்பவர் மொழி வேறொன்று என்றால் என்ன ஆகும்? அந்த இடைவெளியில் நின்று பணி செய்பவரே இருமொழித் துணையாளர்.

வேதியியல் படிப்பவனுக்கு இதில் என்ன அக்கறை என்று நண்பர்கள் கேட்கலாம். எங்கள் குடும்பத்தில் பள்ளி இறுதி வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவனே. ஆகவே சிறு வயது முதலே வீட்டுக்கு வரும் ஒவ்வொரு தாளையும் படித்துச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அந்தப் பொறுப்பை நான் எவ்வளவு தவறாகச் செய்தேன் என்பதைப் பின்னர்க் கூறுகிறேன். அத்தவறே இக்கட்டுரைக்குக் காரணம்.

துணையாளரின் பணி

வெறும் மொழிபெயர்ப்பாளர் வேறு, துணையாளர் வேறு. மொழிபெயர்ப்பாளர் ஒரு மணி நேரம் பேசிவிட்டு எழுந்து போய்விடலாம். துணையாளரோ ஒரு குடும்பத்தின் பொறுப்பை ஏற்றுக்கொள்பவர். வந்திறங்கும் நாளில் எதிர்கொண்டு அழைத்தல், தங்குமிடம் காட்டல், அடையாளப் பதிவு, மருத்துவச் சோதனை, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தல், வங்கிக் கணக்கு, வேலை தேடல் ஆகிய அனைத்தும் அவர் பணிகள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிக் கோப்பு வைத்து, எது முடிந்தது, எது நிலுவையில் உள்ளது என்று குறித்து வருவார்.

அமெரிக்காவில் 1980ஆம் ஆண்டு ஏதிலியர் சட்டம் வந்த பிறகு இப்பணி ஒரு முறையான தொழிலாகவே வளர்ந்தது. நேபாள முகாம்களிலிருந்து ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பூட்டான் ஏதிலியர் 2007ஆம் ஆண்டுக்குப் பின் பல நாடுகளில் குடியமர்த்தப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவுக்கே சென்றனர். முதலில் சென்றவர்களில் ஆங்கிலம் அறிந்தோர் பலர், பின்னால் வந்தவர்களுக்குத் துணையாளர் ஆயினர். நேற்றைய ஏதிலி இன்றைய வழிகாட்டி ஆவது இத்துறையின் தனிச் சிறப்பாகும்.

நம் மாநிலத்தின் அனுபவம்

நாடு விட்டு வந்தோரை ஏற்பது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1960களில் பர்மாவிலிருந்து தமிழர் திரும்பினர். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, இலங்கை மலையகத் தோட்டங்களிலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டது. இவர்களை ஏதிலியர் என்னாமல் தாயகம் திரும்பியோர் என்றனர். அவர்களுக்காகவே நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் 1968இல் தொடங்கியது. ரெப்கோ வங்கி 1969இல் பிறந்ததும் இவ்வாறுதான்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இலங்கைத் தமிழர் படகேறி இராமேசுவரம் கரைக்கு வரத் தொடங்கினர். 1990, 1996, 2006 எனப் பல அலைகளாக வந்தவர் தொகை மூன்று இலட்சத்தைத் தாண்டியது. முன்பு இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்றோரைத் தடுத்து வைத்துச் சோதித்த மண்டபம் முகாமே, பின்னர் அங்கிருந்து வருவோரை வரவேற்கும் இடமாக ஆயிற்று. வரலாற்றின் விந்தை இது! பொருளாதார நெருக்கடியால் 2022 மார்ச் முதல் வந்தவர்களும் அங்கேயே தங்க வைக்கப்பட்டனர்.

ஏதிலியர் நிலை பற்றிய 1951ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆகவே இங்கு அவர்கள் பெறும் உரிமைகள் அரசின் ஆணைகளையும் அலுவலர் முடிவுகளையும் சார்ந்தவை. ஆணையைப் படித்து விளக்கிச் சொல்ல ஆள் வேண்டியிருப்பதும் இதனாலேயே. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு ரூ. 317.40 கோடித் திட்டம் ஒன்றை அறிவித்து, 7,469 வீடுகள் கட்டவும் முகாம்களை ‘மறுவாழ்வு முகாம்’ என்று அழைக்கவும் முடிவு செய்தது. அப்போது முகாம்களில் ஏறத்தாழ 58 ஆயிரம் பேரும், வெளியே 34 ஆயிரம் பேரும் இருந்தனர்.

இங்கு ஒரு நிறுவனத்தைக் குறிப்பிட வேண்டும். தந்தை செல்வாவின் மகன் எஸ். சி. சந்திரகாசன் 1984இல் நிறுவிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாமில் உள்ளவர்களையே பயிற்றித் தொண்டர் ஆக்கியது. முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கு இலங்கைப் பிறப்புப் பதிவு பெற்றுத் தருவது அவர்கள் செய்த அரும்பணி. பிறப்புப் பதிவு இல்லாத பிள்ளை எந்த நாட்டுக்கும் உரியதாகாமல் போய்விடும் அன்றோ?

ஒரே மொழி, இரு வழக்கு

இலங்கைத் தமிழரும் தமிழர்தாமே, அவர்களுக்கு மொழித் துணை எதற்கு என்று தோன்றலாம். ஓர் எடுத்துக்காட்டு காண்போம். ‘கிழமை’ என்றால் நமக்கு ஞாயிறு, திங்கள் முதலிய நாள். அவர்களுக்கோ அது வாரம். ‘வாற கிழமை வரச் சொன்னவை’ என்று ஒருவர் கூறினால், அடுத்த வாரம் என்பது பொருள். நாமோ ‘எந்தக் கிழமை?’ என்று கேட்டுக்கொண்டு நிற்போம். நமது கிராம நிர்வாக அலுவலர் அவர்களுக்குக் கிராம சேவகர். ‘நோகுது’ என்றால் வலிக்கிறது என்பது பொருள். பேசுவதைக் ‘கதைத்தல்’ என்பர்.

இவை சிரித்துவிட்டுப் போகக் கூடிய வேறுபாடுகளே. ஆனால் ஒரு பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஓர் எழுத்து மாறினால் சிரிக்க முடியாது. தந்தையின் தாளில் ஒரு விதம், மகனின் சான்றிதழில் வேறு விதம் என்றிருந்தால் இருவரும் உறவினர் என்பதையே மெய்ப்பிக்க வேண்டி வரும். துணையாளர் முதல் நாளிலேயே பெயரையும் பிறந்த தேதியையும் எல்லாத் தாளிலும் ஒன்றாக எழுதச் செய்வாரேயானால், பின்னாளில் பல ஆண்டு அலைச்சல் மிச்சமாகும்.

கடல் கடந்த தமிழர்

1986 ஆகஸ்டு 11 அன்று கனடாவின் நியூபவுண்ட்லாந்து கடலில், உயிர்காப்புப் படகுகள் இரண்டில் தத்தளித்த 155 தமிழரை மீன்பிடிக் கப்பல் தலைவர் கஸ் டால்டன் கண்டு காப்பாற்றினார். பனிமூட்டக் கடலில் மீட்டவருக்கு அவர்கள் மொழி தெரியாது. ஆனால் கரையில் அவர்கள் கதையை யாரேனும் கேட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. அதே கனடாதான் 1979, 1980 ஆண்டுகளில் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் நாட்டு ஏதிலியர் 60,000 பேரை ஏற்றிருந்தது. அதன் பொருட்டு ஐ.நா. ஏதிலியர் ஆணையத்தின் நான்சன் விருது 1986இல் கனடா மக்கள் அனைவருக்குமாக வழங்கப்பட்டது.

நம் ஊரில்

சிங்கப்பெருமாள் கோவிலுக்கு வெளியூரார் குகைக் கோயில் நரசிம்மரைச் சேவிக்க வந்த காலம் போய், இன்று ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்கு வேலை தேடி வருகின்றனர். எங்கள் வீட்டை ஒட்டிய லைன் அறைகளில் ஒடிசா, பீகார் தொழிலாளர் தங்கியுள்ளனர். இவர்கள் ஏதிலியர் அல்லர். இந்நாட்டுக் குடிமக்கள், விரும்பினால் ஊர் திரும்பலாம். ஆயினும் மருத்துவமனைச் சன்னலின் முன் நிற்கும்போது ஏதிலியின் தவிப்பும் இவர்களின் தவிப்பும் ஒன்றே. இவர்களிடம் பேசிப் பழகி நான் அரைகுறை இந்தி கற்றேன்.

சென்ற கோடையில் ஒடியா மொழி பேசும் அண்ணன் ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். அவர் ‘சக்கர்’ என்றார். நான் செவிலியரிடம், ‘சக்கரை இருக்காம் மேடம்’ என்றேன். இரத்தம் எடுத்தனர், முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். ‘தம்பி, இவருக்குச் சுகர் ஒண்ணும் இல்லையே. என்ன சொல்றார்னு சரியாக் கேளுங்க’ என்றார் செவிலியர். இந்தியில் ‘சக்கர்’ என்றால் தலைச்சுற்றல்! இரவு ஷிப்ட் முடிந்து சாப்பிடாமல் வெயிலில் நடந்து வந்த மனிதர் அதுவரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவருக்கும் இந்தி இரண்டாம் மொழி, எனக்கோ அரை மொழி என்பதை நான் மறந்துவிட்டேன்.

இதைவிடப் பெரிய பிழை நான் ஏழாம் வகுப்பில் செய்தது. அம்மாவின் இரண்டு பவுன் சங்கிலி ஒரு நிதி நிறுவனத்தில் அடகில் இருந்தது. அங்கிருந்து ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. அதில் ஒரு சொல் எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல வெட்கம். ‘வட்டி கட்டச் சொல்றாங்கம்மா, அடுத்த மாசம் கட்டினாப் போதும்’ என்று சொல்லிவிட்டேன். அந்தச் சொல் ‘ஏலம்’ என்பதை அடுத்த மாதம் அம்மா வட்டிப் பணத்தோடு போய் வெறுங்கையோடு திரும்பியபோதுதான் அறிந்தேன். அம்மா என்னை ஒரு சொல்லும் கடிந்து கூறவில்லை. அதுவே இன்றும் உறுத்துகிறது.

எங்கள் ஊருக்குக் கிழக்கே கேளம்பாக்கத்தில், மியான்மரிலிருந்து 2012 முதல் வந்த ரோகிங்கியா குடும்பங்கள் சில தங்கியிருந்தன. அவர்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் தமிழ் கற்றுப் பெற்றோருக்காகப் பேசினர் என்று செய்தித்தாளில் படித்தேன். பலரும் அதைப் பாராட்டுவர். எனக்கோ அந்தக் கடிதமும் ஏழாம் வகுப்புச் சிறுவனும் நினைவுக்கு வந்தனர்.

கடைப்பிடிக்க வேண்டியவை

இவற்றிலிருந்து நான் கற்ற பாடங்களைத் தொகுத்துக் கூறுகிறேன்.

1. கேட்டதை முழுவதும் சொல்ல வேண்டும். கூட்டவோ குறைக்கவோ கூடாது. கெட்ட செய்தியை மென்மையாக்குவது அன்பு போலத் தோன்றும். ஆனால் அது அவர் முடிவெடுக்கும் உரிமையைப் பறிப்பதாகும்.

2. தெரியாத சொல்லைத் தெரியாது என்று சொல்லி, மீண்டும் கேட்க வேண்டும். ஐயமிருந்தால், நோவுள்ள இடத்தைக் கையால் காட்டச் சொல்லலாம்.

3. குழந்தைகளை மொழிபெயர்க்க விடலாகாது. தாயின் நோயையும் தந்தையின் கடனையும் சுமக்கும் வயது அதுவன்று.

4. மொழிபெயர்க்கும்போது தன் கருத்தைச் சொல்லக் கூடாது. துணையாளராக வாதாட வேண்டிய இடம் வந்தால், ‘இது என் கருத்து’ என்று இரு தரப்புக்கும் அறிவித்த பின்னரே பேச வேண்டும்.

5. கேட்ட இரகசியம் ஊராருக்குப் போகக் கூடாது. சிறிய சமூகத்தில் ஒரு சொல் கசிந்தால் அந்தக் குடும்பம் பிறகு எவரையும் நம்பாது.

6. துணை என்றும் நிலைத்திருக்கக் கூடாது. முதல் முறை படிவத்தை நாம் நிரப்பலாம். இரண்டாம் முறை அவர் நிரப்ப நாம் பார்க்கலாம். மூன்றாம் முறை அவரே தனியாகப் போக வேண்டும்.

முடிவுரை

நம் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டம் உள்ளது. மரக்கன்று நடுவதும் கோயில் குளம் தூர் வாருவதும் நற்பணிகளே. அவற்றோடு, மாதம் இரு ஞாயிற்றுக்கிழமைகளில் சிங்கப்பெருமாள் கோவில் இரயில் நிலையம் அருகே ஒரு மேசை போட்டு, படிவம் நிரப்பவும் கடிதம் படித்துச் சொல்லவும் நாம் முன்வந்தால் என்ன? இந்தி, தெலுங்கு, உருது பேசும் மாணவர் நம்மிடையே உள்ளனர். வேறு மொழி தெரியாதவர்க்கும் வேலை உண்டு. அலுவலகத் தமிழை வீட்டுத் தமிழில் சொல்வதும் ஒரு மொழிபெயர்ப்பே. எங்கள் தெருவில் அதற்கே பலர் காத்திருக்கின்றனர்.

பேராசிரியப் பெருமக்கள் இதற்கு வழிகாட்ட வேண்டுகிறேன். அம்மேசையில் முதல் ஆளாக நான் அமர்வேன். தெரியாத சொல் வந்தால் தெரியாது என்றே சொல்வேன்.