தட்டில் குறைந்தால் காலில் தெரியும்

போன வருடம் வரை தாத்தா கடைத்தெருவுக்குத் தனியாகப் போய் வந்தார். இப்போது திண்ணையிலிருந்து எழவே ஒரு கை வேண்டியிருக்கிறது. இப்படிப் பல வீடுகளில் நடக்கிறது. "வயதாகிவிட்டது, அப்படித்தான்" என்று சொல்லிவிடுகிறார்கள்.

வயது ஒரு காரணம்தான். ஆனால் அது மட்டுமே காரணம் அல்ல. பல வீடுகளில் இன்னொரு காரணம் சாப்பாட்டுத் தட்டில் இருக்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்கள் 10 கோடிக்கு மேல். அவர்களில் பலருக்குப் போதிய சத்தான உணவு கிடைப்பதில்லை.

உடம்பில் நடப்பது என்ன?

நடக்க, எழ, குடம் தூக்க உதவுவது தசை. வயது ஏற ஏறத் தசை குறையும். சாப்பாடும் போதாவிட்டால், உடம்பு தன் தசையையே கரைத்துச் செலவு செய்யும். தசை கரைந்தால் கால் தளரும். கால் தளர்ந்தால் நடை குறையும். நடை குறைந்தால் பசி குறையும். பசி குறைந்தால் தசை இன்னும் கரையும். இது செக்கு மாடு போலச் சுற்றிச் சுற்றி வரும். கடைசியில் ஆள் தடுக்கி விழுவார். இடுப்பெலும்பு முறியும். பிறகு படுக்கைதான்.

ஏன் குறைவாகச் சாப்பிடுகிறார்கள்?

பல் போயிருக்கும். நாக்கில் ருசி குறைந்திருக்கும். சில மாத்திரைகள் பசியைக் கெடுக்கும். துணை இழந்தவருக்குத் தனியே உண்ணப் பிடிக்காது. இருட்டில் வெளியே போகப் பயந்து சிலர் இரவில் சாப்பிடுவதில்லை.

மனமும் ஒரு காரணம்.

"அத்தை, இன்னும் கொஞ்சம் பருப்பு போடட்டுமா?"

"எனக்கு எதற்கம்மா? பிள்ளைகளுக்குப் போடு."

இது பாசம்தான். ஆனால் கால் தளர்ந்தால் அந்தப் பிள்ளைகளைத் தூக்கவும் முடியாது.

சில இடங்களில் வழக்கமும் தட்டைக் குறைக்கிறது. வங்காளத்தில் கணவரை இழந்த பெண்கள் மீனும் இறைச்சியும் உண்ணக் கூடாது என்ற வழக்கம் நெடுங்காலம் இருந்தது. பல குடும்பங்களில் மைசூர்ப் பருப்பும் விலக்கு. தசைக்கு வேண்டிய உணவே அவர்களுக்கு மறுக்கப்பட்டது. எல்லா உடம்புக்கும் சத்து வேண்டும். கணவர் இல்லை என்பதால் அந்தத் தேவை குறையாது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

வளையலும் சட்டையும் தளர்ந்து போகும். நாற்காலியில் கை ஊன்றாமல் எழ முடியாது. 50 கிலோ எடையுள்ளவர் 6 மாதத்தில், காரணம் இல்லாமல், இரண்டரை கிலோ இளைத்தால் அது எச்சரிக்கை. தையல்காரரின் டேப்பால் கெண்டைக்காலின் பருத்த இடத்தை அளக்கலாம். 31 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்ட வேண்டும். காசநோய், சர்க்கரை நோய் போன்றவையும் உடம்பை இளைக்க வைக்கும். அதனால் டாக்டரிடம் காட்டுவது அவசியம்.

ஒரு சாப்பாட்டுக் கணக்கு

தசையை வளர்ப்பது புரதச் சத்து. 50 கிலோ எடையுள்ள முதியவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 50 கிராம் புரதம் வேண்டும்.

அரிசி 200 கிராம் – 14 கிராம்
பருப்பு இரண்டு கைப்பிடி (60 கிராம்) – 14 கிராம்
வேர்க்கடலை ஒரு கைப்பிடி (30 கிராம்) – 7 கிராம்
முட்டை ஒன்று – 6 கிராம்
பால் ஒரு டம்ளர் (200 மில்லி) – 6 கிராம்
காய், கீரை – 3 கிராம்
மொத்தம் – 50 கிராம்

முட்டை வேண்டாதவர்கள் இன்னொரு கைப்பிடி பருப்பு சேர்க்கலாம். சோறும் ரசமும் மட்டும் உண்டால் இந்தக் கணக்கு எட்டாது.

பல் இல்லாதவருக்குப் பருப்பைக் குழைய வேக வைக்கலாம். வேர்க்கடலையை இடித்துக் கொடுக்கலாம். பீகாரில் வறுத்த கடலை மாவைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிறார்கள். அதன் பெயரே 'சத்து'! ஒரே நேரத்தில் நிறைய உண்ண முடியாதவருக்குச் சிறிது சிறிதாக 5 வேளை கொடுக்கலாம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டு அளவு வைக்க வேண்டும்.

உணவோடு அசைவும் வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது நல்ல பயிற்சி. காலையில் 5 தடவை, மாலையில் 5 தடவை செய்யலாம். முதலில் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். காய்ச்சல் விட்டதும் மெல்ல நடக்க வைக்க வேண்டும். படுத்தே கிடந்தால் தசை வேகமாகக் கரையும்.

பணத்துக்கு என்ன வழி?

1995 முதல் மத்திய அரசின் முதியோர் உதவித்தொகைத் திட்டம் உள்ளது. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு 60 வயது முதல் மாதம் 200 ரூபாயும், 80 வயது முதல் 500 ரூபாயும் மத்திய அரசின் பங்கு. பல மாநிலங்கள் தங்கள் பங்கையும் சேர்த்துத் தருகின்றன. உதவி கேட்க 14567 என்ற முதியோர் உதவி எண் உண்டு. அதற்குக் கட்டணம் இல்லை.

முதுமையைத் தடுக்க முடியாது. பட்டினியைத் தடுக்க முடியும்.

சிந்திக்க:

1. உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவர் யார்? அப்போது பாத்திரத்தில் பருப்பு இருக்கிறதா?
2. உங்கள் வீட்டுப் பெரியவர் நேற்று என்ன சாப்பிட்டார்? மேலே உள்ளது போல் கணக்கு எழுதிப் பாருங்கள்.
3. உங்கள் ஊரில் உதவித்தொகை கிடைக்காத முதியவர்கள் யார் யார்?