மருத்துவக் கடனும் வசூல்காரரும்: அங்கத்தினர் அறிய வேண்டியவை

தறியில் இழை அறுந்தால் முடிச்சிட்டு நெசவைத் தொடரலாம். ஒரு போகம் பொய்த்தால் அடுத்த போகத்தை நம்பியிருக்கலாம். வீட்டில் ஒருவர் நோயுற்றுப் படுத்துவிட்டாலோ அவ்வாறு காத்திருக்க இயலாது. கையில் பணம் இல்லாவிடினும் சிகிச்சை நடந்தாக வேண்டும். ஆகவேதான், சங்கத் தவணையை ஒருநாளும் தவறவிடாத அங்கத்தினரும் மருத்துவச் செலவினால் வெளிக்கடனில் சிக்குகிறார். பின்னர் வசூல்காரர் வாசலில் நின்று உரத்த குரலெழுப்பியதும், அக்கம்பக்கத்தார் கேட்கிறார்களே என்று கூசி, நீட்டிய தாளிலெல்லாம் கையெழுத்திடுகிறார். கடனைக் கொடாமல் தப்பும் உபாயத்தைக் கற்பிப்பது இப்பாடத்தின் நோக்கமன்று. கொடுக்க வேண்டியதை நாணயமாகக் கொடுத்து, இழக்க வேண்டாததை இழவாமல் காப்பது எவ்வாறு என்பதை விளக்குவதே நோக்கம்.

1. கட்டணப் பட்டியலைச் சரிபார்த்தல்

மருத்துவமனை கேட்கும் மொத்தத் தொகையை மட்டும் பார்த்து மலைத்துவிடலாகாது. அறை வாடகை, மருந்து, பரிசோதனை, அறுவைச் சிகிச்சை என வகை பிரித்த பட்டியலைக் கேட்டுப் பெற வேண்டும். தேசிய மனித உரிமை ஆணையம் 2018ஆம் ஆண்டில் வகுத்த நோயாளர் உரிமைப் பட்டயத்தில் 17 உரிமைகள் கூறப்பட்டுள்ளன. விவரமான பட்டியல் பெறுவது அவற்றுள் அடங்கும். பணம் பாக்கி என்ற காரணத்தால் நோயாளியை வெளியே விடாமல் நிறுத்துவதும், இறந்தவர் உடலைத் தர மறுப்பதும் கூடா என்பதும் அப்பட்டயத்தில் உள்ளது. பாக்கி, பாக்கியே. ஆனால் அதற்கு மனிதரைப் பிணையாகப் பிடித்துவைத்தல் முறையன்று.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திற்குரிய குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2022ஆம் ஆண்டில் 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நெசவாளர், சிறு விவசாயிகள் பலர் இவ்வரம்பினுள் அடங்குவர். நோய் வருமுன்னரே அட்டையைப் பெற்று வைத்திருப்பதும், மருத்துவமனையில் சேர்க்கும்போதே அதைக் காட்டுவதும் அவசியம். சிகிச்சை முடிந்து, பணமும் கட்டிய பின்னர் அட்டையைத் தேடுவதில் பயனில்லை.

2. எங்கே கடன் பெறுவது?

எஞ்சிய தொகைக்குக் கடன் வாங்கியே தீர வேண்டுமாயின், முதலில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு நெசவாளர் 40,000 ரூபாயைப் ‘பத்து வட்டி’க்கு, அதாவது மாதம் நூற்றுக்குப் பத்து வீதம், வாங்குவதாகக் கொள்வோம். மாத வட்டி 4,000 ரூபாய். பன்னிரண்டு மாதங்களில் 48,000 ரூபாய் வட்டியாகவே போய்விடும். அசலில் ஒரு காசும் குறைந்திராது. வட்டியே அசலை விழுங்கி நிற்கும் இத்தகைய கடன், நோயைவிடக் கொடிய நோய்.

ஆதலால் சங்கத்திலோ வங்கியிலோ நகையின் பேரில் கடன் கிடைக்குமா என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். நகை அடகில் இருப்பது வருத்தமே. எனினும் வட்டி விகிதம் எழுத்தில் இருக்கும், ரசீது இருக்கும், மீட்கும் வழியும் இருக்கும். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தினவட்டி, தண்டல் முதலியவற்றைத் தடுக்கும் தமிழ்நாடு சட்டம் 2003ஆம் ஆண்டு முதல் உள்ளது. அதை மீறுவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு.

3. கையெழுத்தின் வலிமை

வெற்றுப் பிராமிசரி நோட்டு, வெற்று முத்திரைத்தாள், தொகை எழுதாத காசோலை ஆகிய மூன்றிலும் எக்காரணங் கொண்டும் கையெழுத்திடலாகாது. வெற்று நோட்டை வாங்கியவர் பின்னர் அதில் தொகையை நிரப்பிக்கொள்ளலாம். காசோலையோ மேலும் ஆபத்தானது. பணமின்றித் திரும்பினால், அறிவிப்புக் கிடைத்த 15 நாட்களுக்குள் தொகையைக் கொடாதவர்மீது குற்ற வழக்கே தொடரலாம். அதற்கு இரண்டாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. சாதாரணப் பணக் கடனை நாமே குற்ற வழக்காக மாற்றிக்கொள்ளும் பேதைமை வேண்டாம்.

மற்றொன்றும் நினைவிலிருக்கட்டும். 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி இத்தகைய பாக்கிக்குப் பொதுவாக மூன்றாண்டுகளுக்குள் வழக்கிட வேண்டும். அக்காலம் முடியுமுன் கடனை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்திட்டால், அன்று தொட்டு மூன்றாண்டு புதிதாகத் தொடங்கும். எனவே ‘கணக்கு முடிக்கத்தான்’ என்று கூறி நீட்டப்படும் தாளையும் முழுவதும் படித்தறிந்த பின்னரே கையெழுத்திட வேண்டும். செலுத்தும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது பெறுவதும் அதுபோலவே முக்கியம்.

4. வசூல்காரர் செய்யலாகாதவை

வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அனுப்பும் வசூல் முகவர்கள், தவணை தவறிய கடனுக்காகக் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் தொலைபேசியில் அழைக்கலாகாது என்று ரிசர்வ் வங்கி 2022ஆம் ஆண்டில் விதித்தது. மகளிர் குழுக்கள் பெறும் நுண்கடன்களுக்கு அதே ஆண்டில் வகுத்த விதிகளில் அந்நேரம் காலை 9 முதல் மாலை 6 வரை எனச் சுருக்கப்பட்டது. இழிசொல் பேசுதல், மிரட்டுதல், ஓயாமல் அழைத்தல், உறவினரையும் உடன் வேலை செய்பவரையும் தொல்லைப்படுத்துதல், கடனாளியின் பெயரைப் பலரறிய வெளியிடுதல் ஆகியவை விலக்கப்பட்டவை. கடன் கொடுப்போரின் வலுக்கட்டாய நடவடிக்கைகளைத் தடுக்க 2025ஆம் ஆண்டில் தமிழ்நாட்டிலும் தனிச் சட்டம் இயற்றப்பட்டது.

வசூல்காரர் வந்தால் பதற்றமின்றி அவருடைய பெயரையும், அனுப்பிய நிறுவனத்தையும், அதிகாரக் கடிதத்தையும் கேட்க வேண்டும். வந்த நாள், நேரம், பேசிய சொல் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்துவைக்க வேண்டும். வரம்பு மீறினால் முதலில் நிறுவனத்திற்கு எழுத்து மூலம் முறையிட வேண்டும். 30 நாட்களில் தக்க பதில் இல்லையெனில், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அடிதடி, மிரட்டல் என்றால் அன்றே காவல் நிலையத்தை நாட வேண்டும்.

5. தறியும் ஏரும் போய்விடுமா?

‘தறியைத் தூக்கிக்கொண்டு போவேன்’ என்ற மிரட்டலுக்கு அஞ்சியே பலர் கந்துவட்டிக்காரரிடம் ஓடுகிறார்கள். கோர்ட்டுத் தீர்ப்பின்றி எவரும் பொருளைப் பறித்துச் செல்ல உரிமையில்லை. தீர்ப்பு வந்த பின்னரும், 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு சிலவற்றை ஜப்தியினின்று விலக்கியுள்ளது. அவசியமான உடைகள், சமையற் பாத்திரங்கள், படுக்கை, கைவினைஞரின் கருவிகள், விவசாயி பிழைப்பதற்கு வேண்டிய உழவுக் கருவிகள், கால்நடைகள், விதை தானியம் ஆகியவை அவற்றுள் அடங்கும். விவசாயி குடியிருக்கும் வீட்டிற்கும் பாதுகாப்பு உண்டு. ஆனால் அவ்வீட்டை நாமே அடமானம் எழுதிக் கொடுத்திருந்தால் அப்பாதுகாப்பை நம்பியிருக்க முடியாது. தொழிற்கருவியையும் குடியிருக்கும் வீட்டையும் மருத்துவக் கடனுக்கு ஈடாக எழுதிக் கொடாதீர் என்று வற்புறுத்துவது இதனாலேயே.

பணத் தீர்ப்பை நிறைவேற்றுவதற்காகப் பெண்களைக் கைது செய்ய முடியாது. ஆண்களையும், கொடுக்க வசதியிருந்தும் கொடாமல் ஏய்த்தாலன்றி, வெறும் வறுமைக்காகச் சிறையிலிடலாகாது என்று உச்ச நீதிமன்றம் 1980ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. கடன்பட்டவர் இறந்துவிட்டால், அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கே வாரிசுகள் பொறுப்பாவர். தாமாக ஜாமீன் கையெழுத்திட்டிருந்தால் மட்டுமே நிலைமை வேறு. துக்க வீட்டில் விதவையிடம் புதிய நோட்டு எழுதி வாங்க முயல்வதன் காரணம் இப்போது விளங்கும்.

கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தால் மட்டும் அலட்சியம் கூடாது. ஆஜராகாவிடில் கேட்ட தொகைக்கே தீர்ப்பாகிவிடலாம். பெண்களுக்கும், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும், வருமானம் குறைந்தோருக்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவின் மூலம் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். 15100 என்ற எண்ணில் விவரம் பெறலாம்.

6. தவணை பேசும் முறை

பாக்கி உண்மையானதாயின், வசூல்காரர் வரும்வரை காத்திராமல் நாமே கடிதம் எழுதுவது நன்று. 60,000 ரூபாய் பாக்கி உள்ளவர், குடும்பச் செலவும் சங்கத் தவணையும் போக மாதம் 2,500 ரூபாய்தான் மிச்சம் பிடிக்க முடியுமானால், 2,500 என்றே கூற வேண்டும். 24 மாதங்களில் கடன் தீரும். அச்சத்தில் 5,000 என்று ஒப்புக்கொண்டு மூன்றாம் மாதம் தவறினால், பணமும் போய்ச் சொல்லின் மதிப்பும் போகும். உடன்பாட்டை எழுத்தில் பெறுக. மக்கள் நீதிமன்றத்தில் கட்டணமின்றிச் சமரசம் செய்துகொள்ளலாம். ஆனால் அங்கு ஏற்படும் முடிவு கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமமாகையாலும், அதன்மீது மேல்முறையீடு இல்லையாகையாலும், இயன்ற தொகைக்கே இசைய வேண்டும்.

7. சங்கம் செய்யத்தக்கது

தனித்து நிற்பவரிடமே வசூல்காரரின் குரல் உயர்கிறது. நிர்வாகக் குழுவினர் இருவர் உடன் சென்று அமர்ந்தால் பேச்சின் தொனியே மாறும். காப்பீட்டு அட்டை இல்லாத அங்கத்தினரின் பட்டியலைத் தயாரித்து விண்ணப்பிக்கச் செய்தல், கடிதம் எழுத உதவுதல், சிக்கனச் சேமிப்பை ஊக்குதல் ஆகியவற்றிற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. கடன்பட்டதை மறைப்பது மானமென்று எண்ணும் அங்கத்தினர், சங்கத்தில் வாய்விட்டுச் சொல்லும் நம்பிக்கையை உண்டாக்குவதே முதற்பணி.

பயிற்சி வினாக்கள்

1. 25,000 ரூபாயை மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு வாங்கினால் இரண்டாண்டில் வட்டி எவ்வளவு? அசலோடு ஒப்பிடுக.
2. ஜப்தி செய்யக்கூடாத பொருள்களில் உங்கள் வீட்டில் உள்ளவை யாவை?
3. உங்கள் சங்கத்தில் காப்பீட்டு அட்டை பெறாத குடும்பங்கள் எத்தனை? அடுத்த கூட்டத்தில் விடையுடன் வருக.