வெள்ளிடை

ஐயத்திற்கு இடமின்றித் தெளிவாகத் தெரியும் ஒன்றை 'வெள்ளிடைமலை' என்கிறோம். மேடைகளில் அடிக்கடி ஒலிக்கும் இத்தொடரில் உள்ள 'வெள்ளிடை' கோட்டைக் காவலோடும் தொடர்புடைய பழஞ்சொல்லாகும். வெள் என்பது இங்கு நிறத்தைக் குறிக்கவில்லை, வெறுமையைக் குறிக்கிறது. இடை என்பது இடம். தனிக்குறிலை அடுத்த ளகர மெய் இரட்டித்து வெள்ளிடை என்றாயிற்று. மரமோ மனையோ இல்லாத திறந்த நிலம் என்பது பொருள். அத்தகைய நிலத்தில் நிற்கும் மலையை எதுவும் மறைப்பதில்லை.

திருக்குறளின் அரண் அதிகாரம் நீர், மண், மலை, காடு ஆகிய நான்கையும் அரணுக்கு உரியனவாகக் கூறுகிறது. நீர் அகழியாகும், காடு, மிளை எனப்படும் காவற்காடாகும். இவை பகைவரைத் தடுக்கும் என்பது எளிதில் விளங்கும். வெறும் மண் எவ்வாறு அரணாகும்? பரிமேலழகர் அம்மண்ணை வெள்ளிடை நிலம் எனக் கொண்டார். மறைந்து வர மரமில்லை, தங்க நிழலுமில்லை. மதில்மேல் நிற்கும் வில்லாளிக்கு அவ்வெளியைக் கடந்து வருவோர் அனைவரும் இலக்காவர்.

ஐரோப்பியர் கோட்டை அமைப்பிலும் இக்கருத்துக்கு ஒரு சொல் உண்டு. அது 'எஸ்பிளனேடு'. கோட்டைக்கும் ஊர் வீடுகளுக்கும் இடையே விடப்பட்ட சமநிலம் என்பது அதன் பழம்பொருள். சமப்படுத்துதலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்து, இத்தாலியம், பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்தை அடைந்தது. விளக்குதல் எனப் பொருள்படும் 'எக்ஸ்பிளெயின்' என்னும் ஆங்கிலச் சொல்லும் அவ்வினையின் வழிவந்ததே. தொடர்பற்ற இரு மொழிகள் திறந்த நிலத்தைக் கொண்டே தெளிவைச் சுட்டியிருப்பது வியப்புக்குரியது.

இச்சொல் சென்னைக்கும் வந்தது. 1640 இல் எழுந்த புனித ஜார்ஜ் கோட்டையின் வடக்கு மதிலை அடுத்து, நெசவாளரும் வணிகரும் வாழ்ந்த கறுப்பர் நகரம் வளர்ந்தது. 1746 இல் கோட்டையைக் கைப்பற்றிய பிரெஞ்சுப் படை, தன் காவலுக்காக மதிலருகே இருந்த வீடுகளை இடித்தது. 1749 இல் கோட்டை ஆங்கிலேயரிடம் திரும்பியது. 1758 டிசம்பரில் லாலி தலைமையில் பிரெஞ்சுப் படை மீண்டும் முற்றுகையிட்டபோது எஞ்சிய வீடுகளும் தெருக்களும் அப்படைக்கு மறைவிடமாயின. 1759 பிப்ரவரியில் முற்றுகை நீங்கியது. வென்றவர் ஆங்கிலேயரே ஆயினும் ஊர் பிழைக்கவில்லை. பழைய கறுப்பர் நகரம் முற்றாக அகற்றப்பட்டது. சென்னகேசவப் பெருமாள் கோயிலும் இடிக்கப்பட்டுப் பின்னர் இன்றைய தேவராஜ முதலி தெருவில் கட்டப்பட்டது. மக்கள் வடக்கே முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டைப் பகுதிகளில் குடியேறினர். உரையாசிரியர் கண்ட வெள்ளிடை மரமும் நிழலும் அற்றது. சென்னையின் வெள்ளிடையோ அடுப்பெரிந்த வீடுகளை அகற்றி உண்டாக்கப்பட்டது.

1773 இல் அவ்வெளியின் எல்லையில் தூண்கள் நடப்பட்டன. அவற்றுக்கும் கோட்டைக்கும் இடையே எவரும் கட்டடம் எழுப்புதல் கூடாது. போரச்சம் தணிந்த பிற்காலத்தில் அத்தடை தளர்ந்தது. 1892 இல் உயர்நீதிமன்றக் கட்டடம் அந்நிலத்தில் திறக்கப்பட்டது. எஸ்பிளனேடு என்னும் பெயர் அப்பகுதிக்கு இன்றும் வழங்குகிறது. அத்தூண்களுள் ஒன்றைப் பாரிமுனையில் காணலாம்.