விமானம் ஓட்டும் கம்ப்யூட்டருக்கு எந்த ஆன்டிவைரஸ்?

நாமக்கல் பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் என் சித்தப்பா, சென்ற தீபாவளிக்கு வீட்டிற்குப் புதிய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினார். காரணங்கள் இரண்டு. ஒன்று, பண்ணையின் முட்டைக் கணக்கு, தீவனக் கணக்கு, நெட் பேங்கிங். இன்னொன்று, பிளஸ் ஒன் படிக்கும் தம்பி. அவனுக்குப் பைலட் ஆக வேண்டும் என்று ஆசை. மைக்ரோசாப்ட் பிளைட் சிமுலேட்டரை முறையாகப் பணம் கட்டித்தான் வாங்கினான். ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையத்தில் ஏறி, மேட்டூர் அணையைச் சுற்றி வந்து, மீண்டும் அதே ஓடுபாதையில் இறங்குவது அவன் தினசரிப் பழக்கம்.

இரண்டு மாதம் கழித்து சித்தப்பா போன் செய்தார். "கண்ணு, நடுராத்திரியில என் மெயிலை யாரோ வேற ஊர்ல இருந்து திறந்திருக்காங்கன்னு மெசேஜ் வந்திருக்குது. என்னன்னு கொஞ்சம் பாரேன்."

அந்த வாரம் பெங்களூருவிலிருந்து ஊருக்குப் போய்ப் பார்த்தேன். தம்பி, காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒரு விமான மாடலை ஏதோ ஒரு தளத்திலிருந்து இலவசமாக டவுன்லோடு செய்திருந்தான். அதனுடன் வந்த குறிப்பில், "இன்ஸ்டால் செய்யும் முன் ஆன்டிவைரஸை நிறுத்தவும், டி டிரைவை விலக்குப் பட்டியலில் சேர்க்கவும்" என்று இருந்தது. அப்படியே செய்திருக்கிறான். "ஆன்டிவைரஸ் இருந்தா லேண்டிங்கப்போ படம் திக்குதுன்னு எல்லாரும் சொன்னாங்கண்ணா" என்றான். நெட் பேங்கிங் பாஸ்வேர்டு உட்பட எல்லாமே குரோம் பிரவுசரில் சேமித்து வைக்கப்பட்டிருந்தன. ஓ.டி.பி. இருந்ததால் பணம் போகவில்லை. அவ்வளவுதான் தப்பித்தது.

உங்கள் வீட்டிலும் ஒரே கம்ப்யூட்டரில் விமானமும் பறந்து, வங்கிக் கணக்கும் பார்க்கப்படுகிறது என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

படம் ஏன் திக்குகிறது?

ஆன்டிவைரஸ் தொகுப்பு, கம்ப்யூட்டரில் எந்த பைல் திறக்கப்பட்டாலும் அதை ஒரு முறை பார்த்த பிறகே விடும். இதை ரியல் டைம் பாதுகாப்பு என்பார்கள். வேர்டில் ஒரு கடிதம் திறந்தால் ஒரு பைல்தான், தாமதம் தெரியாது. சிமுலேட்டர் அப்படியல்ல. விமானம் கீழே இறங்க இறங்க மரம், கட்டடம், சாலை என்று ஆயிரக்கணக்கான சிறு பைல்களைத் திறந்துகொண்டே இருக்கும்.

விநாடிக்கு 30 படம் ஓடுகிறது என்றால், ஒரு படத்திற்குக் கிடைக்கும் நேரம் சுமார் 33 மில்லி விநாடி. பைல் வருவதற்கு அதைவிடத் தாமதமானால் திரையில் ஒரு குலுக்கல் தெரியும். ஆகவே தம்பி கேள்விப்பட்டது முழுப் பொய் அல்ல. ஆனால் எல்லாத் திக்கலுக்கும் ஆன்டிவைரஸ் காரணமும் அல்ல. போதாத ராம், சூடாகும் கிராபிக்ஸ் கார்டு, மெதுவான இன்டர்நெட், பழைய ஹார்ட் டிஸ்க் எல்லாமே இதே குலுக்கலைத் தரும்.

முதலில் சோதித்துப் பாருங்கள்

1. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும்.

2. சிமுலேட்டரில் ஒரே விமான நிலையம், ஒரே வானிலை, ஒரே நேரம் என்று வைத்துப் பத்து நிமிடம் பறந்து இறங்குங்கள்.

3. திக்கும்போது டாஸ்க் மேனேஜரில் சி.பி.யு., டிஸ்க் என்ற இரண்டு பத்திகளைக் கவனியுங்கள். விண்டோஸுடன் வரும் டிபெண்டர் அங்கே "ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்சிகியூட்டபிள்" என்ற பெயரில் இருக்கும். அது பட்டியலின் மேலே ஏறினால் ஆன்டிவைரஸைக் குறை சொல்லலாம். ஏறாவிட்டால் வேறு காரணத்தைத் தேடுங்கள்.

சித்தப்பா வீட்டில் இப்படிப் பார்த்தபோது நிரம்பி வழிந்தது ராம்தான். எட்டு ஜி.பி.யைப் பதினாறு ஆக்கியதும் பெரும்பாலான திக்கல் போய்விட்டது. பாவம், ஆன்டிவைரஸ் வீண்பழி சுமந்திருந்தது.

2018இல் நடந்த ஒரு சம்பவம்

"திருட்டுப் பிரதி வேண்டாம், காசு கொடுத்து வாங்கிவிட்டால் பயமில்லை" என்று நினைப்பீர்கள். பெரும்பாலும் சரிதான். ஆனாலும் இதைக் கேளுங்கள். 2018 பிப்ரவரியில், பிளைட் சிம் லேப்ஸ் என்ற நிறுவனம் விற்ற ஏர்பஸ் ஏ320 மாடலின் இன்ஸ்டாலருக்குள், குரோம் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை எடுக்கும் சிறு புரோகிராம் ஒன்று இருப்பதைப் பயனர்கள் கண்டுபிடித்தார்கள். திருட்டு சீரியல் எண்ணைப் பயன்படுத்தும் ஒருவரைப் பிடிக்கத்தான் அதை வைத்தோம், காசு கொடுத்து வாங்கியவர்களிடம் அது வேலை செய்யாது என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. எதிர்ப்பு கிளம்பியதும் அதை நீக்கிப் புதிய இன்ஸ்டாலரை வெளியிட்டது.

நமக்கான பாடம் இதுதான். விமான மாடல் என்பது வெறும் படம் அல்ல. அதன் இன்ஸ்டாலர், மற்ற எந்தப் புரோகிராமையும் போல உங்கள் கம்ப்யூட்டரில் எதையும் செய்யக்கூடியது. "ஆன்டிவைரஸை நிறுத்து" என்று யார் சொன்னாலும், ஏன் என்று கேளுங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் இருப்பதைப் பாருங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிபெண்டர் இலவசமாகவே இருக்கிறது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவருக்கு, அதை ஒழுங்காக இயங்கவிட்டாலே பெரும்பாலும் போதும். ஆனால் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. பாதுகாப்பு அப்டேட் வராத விண்டோஸின் மேல் எவ்வளவு விலையுயர்ந்த ஆன்டிவைரஸைப் போட்டாலும், ஓட்டைக் குடத்திற்கு மூடி போட்ட கதைதான்.

கூடுதல் வசதிகள் வேண்டும், பிரச்சினை வந்தால் போனில் பேச ஆள் வேண்டும் என்பவர்கள் விலை கொடுத்து வாங்கலாம். நம் நாட்டிலேயே தயாரிப்புகள் உண்டு. சென்னையின் கே7 கம்ப்யூட்டிங் 1991 முதல் இயங்குகிறது. குவிக் ஹீல் புனேயைச் சேர்ந்தது. எதை வாங்கினாலும் கீழ்க்கண்ட ஐந்தையும் பாருங்கள்.

1. வேகம். ஜெர்மனியின் ஏவி டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி கம்பேரட்டிவ்ஸ் ஆகிய இரண்டும் ஆன்டிவைரஸ் தொகுப்புகளைத் தொடர்ந்து சோதித்து முடிவுகளை இலவசமாக வெளியிடுகின்றன. ஏவி டெஸ்ட், பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு எளிமை என்று மூன்றிற்கும் தலா 6 மதிப்பெண் தருகிறது. சிமுலேட்டர்காரர்கள் பாதுகாப்பு மதிப்பெண்ணுடன் வேக மதிப்பெண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2. கேம் மோடு அல்லது சைலன்ட் மோடு. இது, நீங்கள் பறக்கும்போது அறிவிப்புகளையும் முழு ஸ்கேனையும் தள்ளிப் போடும். காவலை நிறுத்தாது. வாங்கும் தொகுப்பில் இது உண்டா என்று கேளுங்கள்.

3. விலக்கு வசதி. குறிப்பிட்ட போல்டரை மட்டும் ஸ்கேனிலிருந்து விலக்க முடிய வேண்டும்.

4. சோதனைக் காலம். வாங்கும் முன் இலவசப் பதிப்பைப் போட்டு, மேலே சொன்ன பத்து நிமிடப் பயணத்தைப் பறந்து பாருங்கள்.

5. இரண்டாம் ஆண்டு விலை. முதல் ஆண்டு தள்ளுபடியைப் பார்த்து ஏமாறாதீர்கள். புதுப்பிக்க எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: இரண்டு ஆன்டிவைரஸ்களை ஒரே நேரத்தில் ஓடவிடாதீர்கள். ஒன்றின் வேலையை மற்றொன்று சந்தேகப்பட்டு, கம்ப்யூட்டரையே முடக்கிவிடும்.

எதை விலக்கலாம், எதை விலக்கக் கூடாது?

சோதனையில் ஆன்டிவைரஸ்தான் காரணம் என்று தெரிந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். டிபெண்டரில், விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன் பகுதிக்குச் செல்லுங்கள். மேனேஜ் செட்டிங்ஸ் கிளிக் செய்து, கீழே எக்ஸ்க்ளூஷன்ஸ் வரை வாருங்கள்.

மைக்ரோசாப்ட் பிளைட் சிமுலேட்டர் 2020இல் ரோலிங் கேஷ் பைலையும், அபிஷியல் என்ற போல்டரையும் விலக்கலாம். எக்ஸ் பிளேன் வைத்திருப்பவர்கள் குளோபல் சீனரி போல்டரை விலக்கலாம். இவற்றில் இருப்பவை சிமுலேட்டர் நிறுவனமே தருபவை.

நீங்களாகக் கொண்டுவந்து சேர்ப்பவை இருக்கும் கம்யூனிட்டி போல்டரை விலக்காதீர்கள். எக்ஸ் பிளேனின் பிளக்இன்ஸ் போல்டரும் அப்படியே. அங்கே இருப்பவை இயங்கும் புரோகிராம்கள். டவுன்லோட்ஸ் போல்டரை எக்காரணம் கொண்டும் விலக்கக் கூடாது. முழு டிரைவை விலக்குவது, மாடு கட்டும் இடத்திற்காகத் தோட்டத்து வேலி முழுவதையும் பிடுங்குவது போல.

இரண்டு யூசர் அக்கவுண்ட்

எந்த ஆன்டிவைரஸைவிடவும் சித்தப்பா வீட்டில் பயன்பட்டது இதுதான். தம்பிக்கு ஸ்டாண்டர்ட் யூசர் அக்கவுண்ட் ஒன்றை உருவாக்கினேன். அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு சித்தப்பாவிடம். இனி தம்பி டிபெண்டரை அணைக்கவோ, விலக்குப் பட்டியலைத் தொடவோ அந்தப் பாஸ்வேர்டு வேண்டும். பண்ணைக் கணக்கும் வங்கி வேலையும் சித்தப்பாவின் தனி அக்கவுண்ட்டில். ஆனால் ஒன்று நினைவிருக்கட்டும். ஒரு இன்ஸ்டாலர் கேட்டதும் அந்தப் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டால், முழு வீட்டின் சாவியையும் கொடுத்தது போலத்தான்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டால்?

இன்டர்நெட் இணைப்பைத் துண்டியுங்கள். மெயில், வங்கி பாஸ்வேர்டுகளை வேறொரு கம்ப்யூட்டரிலோ போனிலோ மாற்றுங்கள். பாதிக்கப்பட்டதிலேயே மாற்றினால் புதியதும் திருடு போகும். மெயிலில், எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதியைப் பயன்படுத்துங்கள். பிறகு டிபெண்டரின் ஆப்லைன் ஸ்கேனை ஓட்டுங்கள். சந்தேகம் தீராவிட்டால், முக்கியமான ஆவணங்களை மட்டும் நகல் எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவதே நல்லது. மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்திலும் இலவச நீக்கும் கருவிகள் கிடைக்கின்றன. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

நான் விண்டோஸைப் புதிதாகத்தான் போட்டேன். முட்டைக் கணக்கின் நகல் ஒரு பென் டிரைவில் இருந்ததால் சித்தப்பாவுக்கு நஷ்டமில்லை. கிளம்பும்போது தம்பி தயங்கித் தயங்கி, "அந்த பிளேனைக் காசு குடுத்தே வாங்கிக்கறேண்ணா, அப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க" என்றான். சொன்னேன். இப்போது அதில்தான் காமலாபுரத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறான், டிபெண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே.